சங்குப் பால்

“கிரகணத்தன்னிக்கு என்னத்த வெட்டுன? உண்மையச் சொல்லு!”

கண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டாள் இராஜேஸ்வரி. டவுன் புடவைக் கடைக்காரரின் மனைவி. கைப்புண்ணுக்கு மருந்து கட்ட வந்தவள், மூக்காயியின் மடியில் கிடந்த ஆறு மாதப் பிள்ளையைப் பார்த்துவிட்டாள். பிள்ளையின் மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது.

“பாக்கு வெட்டுனேங்க,” என்றாள் மூக்காயி.

“கேட்டீங்களா! வயித்துப்பிள்ளக்காரி கிரகணத்துல பாக்குவெட்டியத் தொடலாமா? நாக்கு ருசிக்கு ஆசப்பட்டு, பச்ச மண்ணு மூஞ்சியக் கெடுத்துட்டியே, பாவி!”

“ஆமாங்க. என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்.”

சொன்னாளே தவிர, அவள் அழவும் இல்லை, தலை குனியவும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கோப்பித் தோட்டத்திலிருந்து கோழி கூவப் புறப்பட்டு, அம்பிட்டிய மலையிறங்கி வந்தவளுக்கு இன்றைக்கு வேறு காரியம் இருந்தது. உதட்டைத் தைத்தபின் பத்து நாளைக்குப் பிள்ளை எதையும் சப்பக் கூடாது. முலைக்கு அழுது வீறிட்டால் தையல் தெறித்துவிடும். “ஒரு வாரத்தில் சங்குப் பாலுக்குப் பழக்கிக் கொண்டு வா. பழகாவிட்டால் தொட மாட்டேன்,” என்று டாக்டர் துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படி இரண்டு தாய்மார் அழுதுகொண்டே திரும்பிப் போனார்களாம்.

மருந்து கட்டும் பொன்னுத்துரை கதவைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“முத்துலிங்கத்தின்ர தாய் ஆர்? உள்ளுக்கு வாம்மா. பிள்ளை குடிக்கிறதைக் காட்டு, பாப்பம்.”

மூக்காயி சங்கை எடுத்தாள். ஆட்டுப்பாலை மெல்லச் சரித்தாள். மடக்கு மடக்கென்று குடித்தான் பயல். ஒரு சொட்டு சிந்தவில்லை. குடித்து முடித்து, பொன்னுத்துரையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

“அட! இப்பிடி ஒரு பிள்ளையை நான் இங்கை காணேல்லை. நாளைக்குக் காலமை முதல் ஆள் இவன்தான்!”

மூக்காயிக்குப் பெருமை பிடிபடவில்லை. “எம்புள்ள ராசால்ல! கங்காணி வீட்டுப் புள்ளைக்குக்கூட இந்தச் சமத்து வராதுங்க. உதடு கூடட்டும், பாருங்க, இவன் ‘அம்மா’ன்னு கூப்புடுறது மலைக்கே கேக்கும்!”

“பெத்தவ பண்ணின கூத்துக்குப் பெருமை வேறயா?” என்று வாசலில் நின்ற இராஜேஸ்வரி முகத்தை வெட்டிக்கொண்டு போனாள்.

பொன்னுத்துரைக்குச் சிரிப்பு வந்தது. “அவ கிடக்கட்டும். ஒரு கிழமைக்குள்ளை எப்பிடியம்மா தாய்ப்பாலை மறக்கப் பண்ணினனீ? சொன்னா, மற்றத் தாய்மாருக்கும் சொல்லிக் குடுக்கலாம்.”

மூக்காயி வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“குடிச்சிருந்தாத்தானே ஐயா மறக்கடிக்கிறதுக்கு? இந்தியாவுலேருந்து தோட்டத்துக்கு வர்றப்ப மன்னார் ரோட்டுல எங்க கூட்டத்தோட நடந்து வந்த பொண்ணு, இவனப் பெத்த அன்னிக்கே காட்டுக்குள்ள கண்ண மூடிட்டா. பேருகூடத் தெரியாது. செத்தவ எந்திரிச்சு வந்து, ‘நான் எதையும் வெட்டல’ன்னு பதில் சொல்லுவாளா? அதான், அந்தப் பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”