ஏழு விநாடி

பிற்பகல் வெயில் அவள் மேசையில் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கான கணக்குப் பாடங்களைக் கணினியில் தயாரிப்பவள் அவள், சரிபார்ப்பவன் நான். பாடத்தில் அவள் குரல் கேள்வி கேட்கும், பிள்ளை பதில் சொல்லக் கொஞ்சம் காத்திருக்கும், பிறகு பாராட்டும். மற்றவர்கள் பாடங்களில் அந்த இடைவெளி மூன்று விநாடி. இவள் பாடத்தில் மட்டும் ஏழு. "அக்கா, இது ரொம்ப நீளம். பிள்ளைங்க எழுந்து ஓடிடும்" என்கிறேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். அவள் திரும்பவில்லை. "விரல் விட்டு எண்ணணும்ல தம்பி? ஒரு கை முடிஞ்சு மறு கைக்கு வரணும். அவளுக்கு ஏழு ஆகும்."

அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பள்ளி விட்டதும் இங்கே வந்துவிடும் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பாடத்தையும் ஓட்டிப் பார்ப்பாள். மகள் இறந்து இரண்டு மாதமாகிறது. அந்தச் சின்ன ஹெட்போன் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, வயர் சுற்றியபடி.

"ஒரு தடவை கேட்டுட்டு வெட்டிடறேன்" என்று பொத்தானை அழுத்துகிறாள். "நாலும் மூணும் எத்தனை, கண்ணு?" எப்போதோ பதிந்த அவள் குரல் சிரித்துக்கொண்டே கேட்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. வெறும் மடியில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன. இடக்கை முடிந்து எண்ணிக்கை வலக்கைக்குப் போகிறது. யாரும் பதில் சொல்லவில்லை.

"அடடே, சரியாச் சொல்லிட்டியே!" என்கிறது கணினி.