கரும்பு சொன்ன பொய்

இளங்கரும்பின் இலையில் அந்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டுப் போனது. "புழு பொரிந்து வந்தால் என் குருத்தைக் குடைந்துவிடுமே" என்று கரும்பு நடுங்கியது. அப்போது கசகசாவைவிடச் சிறிய தாய்க்குளவி ஒன்று பறந்துவந்து, அந்த முட்டைகளுக்குள் தன் முட்டைகளை வைத்தது.

"நீயுமா?" என்று அழுதது கரும்பு.

"பயப்படாதே கண்ணு. என் பிள்ளைங்க இந்த முட்டைகளைத்தான் தின்னும், உன்னைத் தொடாது."

மூன்றாம் நாள் குளவிக்குச் சிறகு தளர்ந்தது. "அதுங்க முகத்தைப் பார்க்க எனக்கு ஆயுசு இல்லை. நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு உதிர்ந்தது.

காற்றடித்தபோதெல்லாம் கரும்பு அந்த இலையை அசையாமல் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து முட்டைகளிலிருந்து குட்டிக் குளவிகள் வெளியே வந்தன.

"எங்கம்மா எங்கே?"

"பக்கத்துக் கரும்பு அந்துப்பூச்சி முட்டைக்குப் பயந்து அழுததென்று அங்கே போயிருக்கிறாள்" என்றது கரும்பு.

குட்டிகள் அம்மாவைத் தேடி அங்கே பறந்தன.