நேர்முடிக்காரிக்கு வந்த சுருட்டை ஆசை

"சுருட்டையா? உங்களுக்கா?"

ஸ்பிரிங்கின் கையிலிருந்த கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

ஸ்பிரிங் என்பது அந்த அழகு நிலையத்து முதலாளியம்மாவுக்கு அவள் முடியே வாங்கிக்கொடுத்த பட்டம். ஒரு சுருளை இழுத்து விட்டால் டொய்ங்கென்று பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

நாற்காலியில் இருந்த கண்ணாடி மேடத்துக்கோ அருவி மாதிரி முடி. உச்சியில் சீப்பை வைத்தால் போதும், அதுவே வழுக்கிக்கொண்டு மடியில் வந்து விழும். நுனி வெட்டிக்கொள்ள எப்போதாவது வருகிறவர். நாற்பது வயது, தனிக்கட்டை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

"உங்க முடி மாதிரியே வேணும். இன்னிக்கே பண்ணிடுங்க," என்றார் மேடம். "நாளைக்கு வீட்டுக்கு..."

"வீட்டுக்கு?" பக்கத்து மேஜையில் ஒருத்திக்கு நகம் தீட்டிக்கொண்டிருந்த நகக்காரி, காதையும் தீட்டிக்கொண்டாள். "யாராச்சும் வர்றாங்களா மேடம்?"

மேடத்தின் முகம் சிவந்தது. "ஆமா. முதல் தடவையா."

போதாதா? வாடிக்கையாளரின் சுண்டுவிரலைப் பாதியில் விட்டுவிட்டு நகக்காரி ஓடிவந்தாள்.

"அக்கா, மேடம் மாட்டிக்கிட்டாங்க! எத்தனை நாளா மேடம் பழக்கம்?"

"கொஞ்ச மாசமா... ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்பேன். அது வந்தும்மா..."

"நீங்களே தேடிப் போய்ப் பார்ப்பீங்களா! ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஆளுக்குச் சுருட்டைன்னா உசுரோ?"

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"வெக்கத்துல பேச்சே வரலை பாருக்கா!"

சுண்டுவிரல்காரிகூட நகத்தை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கடையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரிங் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்திரிங்க மேடம். நான் பண்ண மாட்டேன்."

"ஏங்க?"

"ஒருத்தனுக்காகத் தலையை மாத்தின தப்பை நான் பண்ணிருக்கேன். அவனுக்கு நேர்முடிதான் பிடிக்குமாம். சட்டை தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன், மேஜையில தலையைச் சாய்ச்சேன், ஒரே இழுப்பு! பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணியோட ஓடியாந்துட்டார்."

"அவரு?" என்றாள் சுண்டுவிரல்காரி.

"புகை போறதுக்குள்ள அவனும் போயிட்டான். முடியாச்சும் திரும்பி வந்துச்சு."

நகக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அன்னிக்குப் போட்டேன் சபதம். நல்ல முடி எதுலயும் மருந்தைப் போட்டு வேக வைக்க மாட்டேன்னு. கூந்தல் இருக்கிறவ அள்ளி முடியலாம் மேடம், கொளுத்திக்கக் கூடாது."

மேடம் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுருட்டை முடியை ஈரமில்லாமச் சீவினா ரொம்ப வலிக்குமா?"

"வலியா? உச்சியில சீப்பை வெச்சு இழுத்தா, புருவம் பின்மண்டைக்குப் போயிடும்! நல்லா நனைச்சு, கண்டிஷனரைத் தடவி, விரலால பிரிச்சு, நுனியில ஆரம்பிச்சு மேல ஏறணும். துண்டால பரபரன்னு தேய்க்கவே கூடாது. தேய்ச்சீங்க, தலை குருவிக்கூடு. முட்டை வைக்காததுதான் பாக்கி!"

"எங்கே அதிகமா வலிக்கும்?"

"காதுக்குப் பின்னாடி, பிடரியில. ஏன், இப்பவே பயமாயிருக்கா? தினம் இந்தப் பாடு படணும் மேடம். வரப்போற துரைக்கு இதெல்லாம் தெரியுமா? அவரா வந்து சிக்கெடுக்கப் போறாரு?"

"நான்தான் எடுக்கணும்," என்றார் மேடம்.

"அவருக்கா?" நகக்காரியின் வாய் பிளந்தது. "அவருக்கும் சுருட்டையா? ரொம்பத்தான் செல்லம் குடுக்கறீங்க!"

"ஒரு நிமிஷம் வாயை மூடறீங்களா ரெண்டு பேரும்?"

முத்து உதிர்க்காத மேடத்திடமிருந்து இப்படி ஓர் அதட்டல் வரும் என்று யார் கண்டது?

"துரையும் இல்லை, கிரையும் இல்லை. வர்றது என் பொண்ணு. அஞ்சு வயசு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க இருக்கிற இல்லத்துலேர்ந்து நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். உங்களைவிட அடர்த்தியாச் சுருட்டை."

நகக்காரி மெல்லத் தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன வாரம் ஆசையாத் தலை சீவி விட்டேன். ஈரமும் இல்லை, ஒண்ணும் இல்லை, உச்சியிலேர்ந்து இழுத்துட்டேன். எனக்கு அப்படித்தானே சீவித் தெரியும்? கண்ணு ரெண்டும் குளமா நிக்குது, சத்தமே வரலை. வலிக்குதுன்னு சொல்லக் கூடாதாம்மான்னு கேட்டேன். 'சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவீங்க'ன்னுச்சு."

மேடம் தன் கையை விரித்துப் பார்த்தார்.

"சிக்குன்னா என்னன்னே என் கைக்குத் தெரியாதுங்க. என் தலையில ஒரு நாள் வலிச்சாத்தான் கை கத்துக்கும். அதுக்குத்தான் வந்தேன்."

ஸ்பிரிங் மூக்கை உறிஞ்சினாள். மேடத்தின் கையைப் பிடித்து எழுப்பினாள். குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வந்து, அதே நாற்காலியில் தான் உட்கார்ந்து, அகலப் பல் சீப்பை மேடத்தின் கையில் திணித்தாள்.

"உங்க முடியை வேக வைக்க வேணாம். என் தலையில பழகுங்க. வலிச்சா, அவளுக்கும் சேர்த்து நானே கத்துறேன்!"