அப்பாவின் தரம்

இப்போதெல்லாம் அஸ்தியை யார் ஆற்றில் கரைக்கிறார்கள்? குணசீலனின் அப்பாவும் அஸ்தியைக் கல்லாக்கித் தரும் ஆலையில் வைரமாகி, அம்மாவின் மோதிரத்தில் பதிந்து, முப்பதாம் நாள் காரியத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். தாம்பாளத்தில் வைத்த மோதிரத்தைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குணசீலனின் முறை வந்தது. நகைக்கடையில் நாளெல்லாம் வைரத்துக்குத் தரம் சொல்கிறவன் அவன். கை தானாக மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கியது. அசல்தானா என்று கல்லின்மேல் ஊதி, மூச்சின் ஈரம் உடனே மறைகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டான்.

“லேசா மஞ்சள் ஓடுது. உள்ள ஒரு கரும்புள்ளி. ரெண்டாந்தரம்.”

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா மட்டும் அருகே வந்து மெல்லக் கேட்டாள்.

“வெளிய தெரியுமாப்பா?”

“ஐயோ, பழக்கதோஷத்துல சொல்லிட்டேம்மா.” நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு.

அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவனும் மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தான். அடுத்த வருடம் தங்கையின் கல்யாணத்தில் சம்பந்தியம்மாள் அம்மாவிடம் ஆசையாகக் கேட்டாள்.

“அவர் கல்லைக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

குணசீலன் அப்போதுதான் கவனித்தான். கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது.

“அதெல்லாம் காட்டுற மாதிரி இல்லீங்க” என்று அம்மா விரல்களை மூடிக்கொண்டாள்.