புது பேட்டரி

ஏற்காட்டில் திருட்டுத்தனமாக ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டும் அதற்கான பேட்டரியும் விற்கிற பிரகாஷ், ஒரு பேட்டரியை மிளகு நிறுக்கும் தராசில் வைத்துக் காட்டினான்.

“பாருங்க சந்திரசேகரண்ணா, கனமே இல்லீங்க. லேபிள்ல பத்தாயிரம் எம்.ஏ.எச்.னு போட்டிருக்கான். உள்ள ஆயிரம்கூடத் தேறாது. டூரிஸ்ட் பசங்க தலையில கட்டற சரக்குங்க.”

“பெரிய மிஷின்ல போட்டா?”

“பத்து நிமிஷத்துல படுத்துக்குமுங்க.”

“மழையில எங்கூரு வாழவந்திக்குக் கரண்ட் போனா, எப்பத் திரும்பி வரும்?”

“விடிஞ்சிருமுங்க.”

“அப்ப இதுலயே எட்டு குடு.”

வீட்டுக்கு வந்ததும், சந்திரசேகரன் அப்பாவின் மூச்சுக் கருவியிலிருந்த நல்ல பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, வாங்கி வந்த எட்டையும் பொருத்தினான். எஸ்டேட்டை இன்னும் மகன் பெயருக்கு எழுதித் தராத அப்பா, ஜன்னலைப் பார்த்துக் கலங்கினார்.

“மழ இருட்டிக்கிட்டு வருது. கரண்ட் போயிருமே, சாமி!”

“பயப்படாதீங்கப்பா, புது பேட்டரி போட்டிருக்கேனுங்க.”