தண்ணீர் குடிக்கும் விரதம்

“பச்சைத்தண்ணி பல்லில படாமல் கந்தசஷ்டி ஆறு நாளும் இருக்கிறவள் நான். இந்த ஒரு நாள் எனக்கு ஒரு வேலையே?”

சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளவத்தையில் அவருடைய விரதத்தைப் பற்றித் தெரியாத ஆள் இல்லை. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

நாளை மறுநாள் அவருடைய குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முதல்நாள் வயிற்றைச் சுத்தமாக்க ஒரு மருந்து குடிக்க வேண்டும். டொக்டரின் அறையிலிருந்து மருந்து எழுதிய துண்டோடு வெளியே வந்தவரை, “இவரிட்டத் தமிழில வடிவாக் கேட்டிட்டுப் போங்க” என்று நேர்ஸ் டில்ஷானி ஆஸ்பத்திரி வாசலோரத்து இந்த மேசைக்கு அனுப்பியிருந்தாள். மகள் தனுஷியாவும் கூட வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் கொட்டாஞ்சேனை றேமண்ட், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக, டொக்டருக்கே மருந்து எழுதிக் கொடுப்பவர் போல இருந்தார்.

“அம்மா, இது விரதமில்ல. சாப்பாட்டைத்தான் நிப்பாட்டச் சொல்றது. தண்ணிய நிப்பாட்டக் கூடாது. இந்த மருந்து உடம்பில இருக்கிற தண்ணியெல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போகும். போற தண்ணிக்குத் தண்ணி உள்ள போகணும்.”

“தண்ணி குடிச்சா எனக்கு விரதம் முறிஞ்ச மாதிரி இருக்கும் ஐயா. மருந்தோட ரெண்டு மிடறு காணும்.”

“முருகன் மன்னிப்பார். கிட்னி மன்னிக்காது.”

தனுஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் அவள் போனை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“என்னென்ன குளிசை போடுறீங்க?” என்றார் றேமண்ட்.

“பிரஷருக்கு ஒண்டு. வேற ஒண்டுமில்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்டுமில்லை எண்டு சொல்லுறனே!”

“அம்மா, அந்தக் கால் வீக்கத்துக்குப் போடுறது?” என்று தனுஷியா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

“அது ஒரு குளிசையே? சலம் போறதுக்கு வெறும் தண்ணிக் குளிசை. அது வேற டொக்டர் தந்தது. அதை ஏன் இவருக்குச் சொல்லுவான்?”

றேமண்ட் பேனாவைக் கீழே வைத்தார். “இரத்தம் சோதிச்சு, கிட்னியைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?”

“கொஞ்சம் பழுது எண்டவை. கொஞ்சம்தான்.”

“உள்ள டொக்டர் இதையெல்லாம் கேக்கேல்லையா?”

“கேட்டவர். நான் சுகதேகி எண்டு சொன்னனான். அந்த அறையில நாலு பேர் நிக்கேக்க நான் ஒரு வருத்தக்காரி எண்டு சொல்லச் சொல்லுறியளோ?”

றேமண்ட் துண்டை வாங்கிப் பார்த்தார். சின்னப் போத்தல் மருந்து. அவருடைய முகம் சிவந்து போயிற்று.

“எழும்புங்க. திரும்ப உள்ள போய் எல்லாத்தையும் ஒண்டு விடாமச் சொல்லுங்க. இந்தப் போத்தல் உங்களுக்கு ஆகுமா ஆகாதா எண்டு டொக்டர் பாக்கட்டும். அது வரைக்கும் இந்த வாசலைத் தாண்ட நான் விடமாட்டன்.”

“இதென்ன கோதாரி! என்னை மறிக்க இவர் ஆர்?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெகதீஸ்வரி உள்ளே போனார். ஆனாலும் போனார்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அந்த வீறாப்பில் பாதியைக் காணவில்லை. கையில் வேறு துண்டு இருந்தது.

“போத்தல் வேண்டாமெண்டு வெட்டிப்போட்டார் ஐயா. இனிப் பவுடராம். நாலு லீற்றர் தண்ணியில கரைச்சு, ரெண்டு நேரமாப் பிரிச்சுக் குடிக்கட்டாம். தண்ணிக் குளிசையை என்ன செய்யிறதெண்டும் எழுதித் தந்தவர். நீங்கள் மறிச்சிராட்டி நான் துலைஞ்சிருப்பன்.”

றேமண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மறைக்க அவர் கொஞ்சமும் முயலவில்லை.

“இந்த மேசைக்கு நான் வந்து பதினொரு மாசம். நூற்றிப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறன். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. நீங்க நூற்றிப் பதின்மூண்டு!”

ஜெகதீஸ்வரிக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“டொக்டர் ஒரு கதை சொன்னவர், கேளுங்கோ. போன வருசம் ஆரோ ஒரு மனுசன் என்னை மாதிரித்தான், போடுற குளிசையை எல்லாம் மறைச்சுப்போட்டு இந்தச் சின்னப் போத்தலைக் குடிச்சவராம். பிறகு பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி விரதம் இருக்கிற மாதிரி ஒரு சொட்டுத் தண்ணியும் தொடாமல் கிடந்தவராம். ரெண்டு கிட்னியும் போச்சுதாம்! ஹார்பர் கந்தோரில பெரிய கிளாக்காம், படிச்ச மனுசனாம். அந்த மடையன் என்ர கையில ஆப்பிட்டால் காதைப் பிடிச்சுத் திருகிப்போடுவன்.”

றேமண்ட் மேசையிலிருந்த தாள்களை அடுக்கி வைத்தார்.

அப்போது நேர்ஸ் டில்ஷானி கதவருகில் வந்து நின்றாள். “றேமண்ட் அங்கிள், டயலிசிஸ் மெஷின் ரெடி. வாங்க.”

ஜெகதீஸ்வரி டில்ஷானியையும் அவரையும் மாறி மாறிப் பார்க்க, றேமண்ட் எழுந்து மேசைக்கு மேலாகக் குனிந்தார்.

“ரெண்டு கிட்னியைக் குடுத்து நூற்றிப் பதின்மூண்டு சோடியைக் காப்பாத்தினவன் அம்மா, கொஞ்சம் மெதுவாத் திருகுங்க” என்று காதை நீட்டினார்.