பேருக்குக் கீழே ரெண்டு வரி

"அந்தப் பொண்ணு ஏதோ தில்லுமுல்லு பண்றா, அலமு."

ஜம்புநாதன் காபியைத் தொடாமலே சொன்னார். மனைவி அலமு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். மூன்று வாரமாகக் காலையில் இதே பல்லவிதான்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்காக வேலூர் போகிற கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஹவுராவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினால், பெட்டிக்குப் பத்துப் பேராவது எக்ஸ்ரே கவரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ரயில் டிக்கெட், லாட்ஜ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கமிஷனுக்கு ஏற்பாடு பண்ணித் தரலாம் என்று பேங்க் வேலையை விருப்ப ஓய்வில் உதறிவிட்டு, லேக் கார்டன்ஸில் 'ஜம்பு வேலூர் சேவா' என்று ஆபீஸ் போட்டார் மனுஷர்.

வெப்சைட்டுக்கு பெஹாலாவில் இருக்கும் தேவிப்ரியாவைப் பிடித்தார். கெட்டிக்காரப் பெண். தமிழைவிட வங்காளி சரளமாகப் பேசுவாள்.

"தேடறப்போ பேருக்குக் கீழே என்ன எழுதணும் மாமா?" என்று அவள் கேட்டபோது இவருக்கு நிற்க நேரமில்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பொன்னாடையோடு நின்ற போட்டோ.

"அன்னிக்கு நான் பேசினது விழா மலர்ல அப்படியே வந்திருக்கு. அதுலேர்ந்து எடுத்துக்கோ. ஆனா கூகுள்ல தேடினா முதல்ல நான்தான் வரணும்."

வந்தார். வேலூர் வைத்தியம் என்று எப்படித் தட்டினாலும் முதல் இடம் அவருக்குத்தான். தினம் தட்டிப் பார்ப்பார். உச்சியில் தன் பெயரைப் பார்த்ததும் உடம்பு புல்லரிக்கும். உடனே க்ளிக் பண்ணி உள்ளே போய்விடுவார்.

உள்ளே, பக்கத்தின் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் இருந்தது. மூன்று மாதத்தில் நூற்று நாற்பது. அதில் நூறு அவரேதான். போனும் வரவில்லை. துர்கா பூஜைக்குள் நாலு பேராவது வராவிட்டால் ஆபீஸை மூட வேண்டியதுதான். ஐம்பத்து நாலு வயசில் வேறு எவன் வேலை தருவான்?

அன்று தேவிப்ரியாவுக்கே போன் போட்டார்.

"முதல் இடத்துல இருக்கேன்னா ஜனங்க வரணுமோல்லியோ? எங்கே போறா எல்லாரும்?"

"முதல்ல தெரியறது வேற மாமா, உள்ளே வர்றது வேற. நானும் பார்த்துண்டுதான் இருக்கேன்."

"ஹவுரா சிவராமகிருஷ்ணனும் இதே தொழில்தான். அவனுக்கும் நீதானே பண்ணிக் குடுத்தே?"



"அவர் ஆறாவது இடத்துல இருக்கார் மாமா."

இல்லையென்று அவள் சொல்லவில்லை. ஜம்புநாதனுக்கு அது போதும். நம்ம வாசலுக்கு வருகிறவனைத் திருப்பி அங்கே தள்ளிவிடுகிறாள், சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

யாராவது தேடும்போது பார்த்துவிடலாமென்று தெருக்கோடி சைபர் கஃபேயில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் யாரும் சிக்கவில்லை. இரண்டாம் நாள், எக்ஸ்ரே கவரோடு ஒரு வங்காளக்காரர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். திரையில் முதல் வரி, 'ஜம்பு வேலூர் சேவா'. ஜம்புநாதன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்து எக்ஸ்ரே கவர் மேல் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு எழுந்துவிட்டார்.

"தாதா, ஏன் உள்ளே போய்ப் பார்க்கலை?" ஜம்புநாதன் பொறுக்கமாட்டாமல், அண்ணா முறை வைத்து வங்காளியில் கேட்டுவிட்டார்.

"உள்ளே எதுக்கு? வேண்டியதை வெளியிலேயே போட்டிருக்காரே." அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "பேருக்குக் கீழே ரெண்டு வரி, பாருங்க. 'வேலூர் ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம், நம்பர் இதுதான். நோயாளியிடம் கமிஷன் வாங்குவது பாவம், யாருக்கும் ஒரு பைசா தராதீர்கள்.' எங்க பேட்டையில மூணு குடும்பம் இதைப் பார்த்துத்தான் போய் வந்தது. யாரோ புண்ணியவான்."

அவர் போனதும் ஜம்புநாதன் அந்த இரண்டு வரியை முதல் தடவையாகப் படித்தார்.  தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாளே பாவி. அங்கேயே செல்போனை எடுத்தார்.

"என் ஆபீஸை மூட சிவராமகிருஷ்ணன்கிட்ட எவ்வளவு வாங்கினே?"

"என்ன மாமா சொல்றேள்?"

"பேருக்குக் கீழே ரெண்டு வரி. யார் சொல்லிக் குடுத்து எழுதினே அதை?"

"விழா மலர்லேர்ந்துதான் மாமா எடுத்தேன். நீங்க பேசினதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன்."

ஜம்புநாதன் அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார். 

"நம்பரைக்கூட மைக்ல ரெண்டு தடவை சொன்னேளே. எங்கப்பாவுக்கு அந்த நம்பர்லதான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம்." அவள் குரல் தயங்கியது. "எடுத்துடணும்னா எடுத்துடறேன் மாமா. ஆனா அன்னிக்கு ஹால்ல எழுந்து நின்னு கைதட்டினவாள்ல நானும் ஒருத்தி."